போடிக்கும் புற்றடிக்கும் நடுவே ஒரு வரி

கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையம் கொச்சி காக்கநாட்டில், இன்ஃபோபார்க் வளாகத்தில் இயங்குகிறது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்ட இந்த வலையமைப்புக்கு மாவட்டத்துக்கு ஒன்றாக 14 முதன்மை நிலையங்கள் உண்டு. மின்வாரியத்தின் துணைமின் நிலையங்களில் சுமார் 375 இணைப்பு நிலையங்கள் அமைந்திருக்கின்றன. முப்பதாயிரம் அரசு அலுவலகங்களையும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களையும் இணைப்பது திட்டத்தின் இலக்கு. ஒரு கம்பி அறுந்தால் தகவல் வேறு வழியில் சுற்றிப் போய்ச் சேரும்.

அலுவலகங்களைக் கணினியால் இணைக்கத் தொடங்கிய காலத்தில் இந்த வசதி கனவிலும் கிடையாது. 1980களின் பிற்பகுதியில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய நிக்நெட், டெல்லியில் இருந்த பெரிய தரைநிலையத்தை மையமாக வைத்து, மாவட்டத் தலைநகரங்களின் சிறிய ஆன்டெனாக்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துக்குத் தகவல் அனுப்பினால் அது டெல்லியைத் தொட்டுத்தான் போகும். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்க கால் விநாடி. டெல்லியில் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்ததால் ஒரு பக்கப் பயணத்துக்கே அரை விநாடி ஆனது.

நடுவில் ஒரு தலைமையகம், சுற்றிலும் கிளைகள், கிளைக்கும் கிளைக்கும் நேர்வழி இல்லை. பொறியாளர்கள் இதை ஹப் அண்ட் ஸ்போக் என்கிறார்கள். வங்கிகள், அரசுத் துறைகள், ஏற்றுமதி நிறுவனங்கள் எல்லாம் இந்த அமைப்பை விரும்பியதற்குக் காரணம் பணம். பதினோரு அலுவலகங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 55 இணைப்புகள் வேண்டும். ஒன்றை மையமாக்கிவிட்டால் பத்தே போதும்.

அந்தப் பத்தையும் தனித்தனி வாடகைக் கம்பியாக எடுப்பதும் செலவுதான். அதற்கு விடையாக வந்தது ஃபிரேம் ரிலே. 1980களின் இறுதியில் அதன் தர வரையறைகள் உருவாயின. 1990இல் சிஸ்கோ, டிஜிட்டல் எக்விப்மென்ட், நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராடாகாம் ஆகிய நான்கு நிறுவனங்கள் கைகோத்து அதைச் சந்தைக்கேற்றபடி விரிவாக்கின. ஒவ்வொரு அலுவலகமும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஸ்விட்ச் வரை ஒரே ஒரு கம்பி போட்டால் போதும். அந்த ஒரு கம்பிக்குள்ளேயே பல கற்பனைச் சுற்றுகளை நிறுவனம் ஒதுக்கித் தரும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண் உண்டு. அதன் பெயர் டிஎல்சிஐ. அந்த எண்ணுக்கு அந்த முனையில் மட்டுமே பொருள். எறணாகுளம் சந்திப்பில் ஒன்றாம் பிளாட்பாரத்தில் கிளம்பும் வண்டி சேருமிடத்தில் நான்காம் பிளாட்பாரத்தில் நிற்கலாம்; வண்டி ஒன்றுதான், எண்தான் வேறு. டிஎல்சிஐயும் அப்படித்தான். ஒரே சுற்றுக்கு இந்த முனையில் ஓர் எண், அந்த முனையில் வேறோர் எண்.

இங்கேதான் முகவரிப் பொருத்தம் என்ற வேலை வருகிறது. கணினிகளுக்குத் தெரிந்தது ஐபி முகவரி. ஃபிரேம் ரிலே ஸ்விட்சுக்குத் தெரிந்தது டிஎல்சிஐ எண். இந்த ஐபிக்குப் போக வேண்டுமானால் இந்த எண்ணில் ஏற்று என்று ரவுட்டருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குத் தலைமையகம் காக்கநாட்டில். கிளைகள் இரண்டு: தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் ஒன்று. இரண்டுமே ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன ஊர்கள். காக்கநாட்டு ரவுட்டருக்கு 10.1.1.1, போடிக்கு 10.1.1.2, புற்றடிக்கு 10.1.1.3 என்று முகவரி. காக்கநாட்டிலிருந்து போடிக்குப் போகும் சுற்றின் எண் 102, புற்றடிக்கு 103. போடியிலிருந்து பார்த்தால் காக்கநாட்டுக்குப் போகும் எண் 201, புற்றடியிலிருந்து 301.

கம்பியை இணைத்ததும் ரவுட்டர்கள் தாமாகவே விசாரிக்கத் தொடங்கும். “201இன் மறுமுனையில் இருப்பது யார்?” என்று போடி கேட்கும், “நான் 10.1.1.1” என்று காக்கநாடு பதில் சொல்லும். 1992இல் வரையறுக்கப்பட்ட இந்த முறைக்கு இன்வெர்ஸ் ஏஆர்பி என்று பெயர். போடி காக்கநாட்டோடு பேசுகிறது. புற்றடியும் காக்கநாட்டோடு பேசுகிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

ஆனால் போடியிலிருந்து புற்றடிக்குப் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) கொடுத்துப் பார்த்தால் பதில் வராது. கம்பி நன்றாக இருக்கிறது, சுற்றுகள் உயிரோடு இருக்கின்றன, ஐபி முகவரிகளும் சரி. ஆனாலும் வராது. சுற்றின் மறுமுனையில் இருப்பவரை மட்டுமே இன்வெர்ஸ் ஏஆர்பி விசாரிக்கும். போடிக்கு மறுமுனை காக்கநாடு. புற்றடி என்று ஒன்று இருப்பதையே அது கேள்விப்படவில்லை.

தீர்வு ஒரு வரி. போடி ரவுட்டரில் “ஃபிரேம்-ரிலே மேப் ஐபி 10.1.1.3 201” என்று எழுத வேண்டும். புற்றடிக்கான பொட்டலத்தையும் காக்கநாட்டுக்குப் போகும் சுற்றிலேயே ஏற்று, மேற்கொண்டு காக்கநாடு பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். புற்றடி ரவுட்டரில் “ஃபிரேம்-ரிலே மேப் ஐபி 10.1.1.2 301” என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டுவிட்டால், கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேரும். பதிலுக்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். போடியில் உட்கார்ந்திருப்பவருக்கு, கேள்வியே போகாத நிலையும் பதில் திரும்பாத நிலையும் ஒன்றுபோலவே தெரியும். பல மணி நேரத் தேடலுக்கு இதுவே காரணமாகிவிடும்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. சிஸ்கோ ரவுட்டரில் ஒரு சுற்றின்மேல் கையால் ஐபி பொருத்தம் எழுதிவிட்டால், அந்தச் சுற்றில் ஐபிக்கான தானியங்கி விசாரணை நின்றுபோகும். முன்பே தானாகக் கற்றுக்கொண்ட காக்கநாட்டு முகவரி நினைவில் தங்கியிருப்பதால் அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகொரு நாள் மின்சாரம் போய் வந்து ரவுட்டர் மறுபடி கிளம்பும்போது அந்த நினைவு அழிந்திருக்கும். யாரும் எதையும் தொடாமலேயே போடிக் கிளை தலைமையகத்திலிருந்து துண்டிக்கப்படும். அதனால்தான், கையால் எழுதத் தொடங்கினால் தலைமையகத்தின் முகவரியையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகியவர்களின் உறுதியான விதி.

அந்தத் தலைமையக வரியின் கடைசியில் “பிராட்காஸ்ட்” என்ற சொல்லையும் சேர்ப்பார்கள். எல்லோருக்குமாகப் போடும் அறிவிப்பை ஃபிரேம் ரிலே தானாகச் சுமக்காது. அந்தச் சொல் இல்லாவிட்டால், எந்த வழியில் எந்த ஊர் என்று ரவுட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் அறிவிப்புகள் போகாது. தூரம் பார்த்து வழி கணக்கிடும் இஐஜிஆர்பி போன்ற நெறிமுறைகளில் இன்னொரு தடையும் குறுக்கே வரும். ரவுட்டரின் ஒரு கதவு (இன்டர்ஃபேஸ்) வழியாகக் கேட்ட செய்தியை அதே கதவு வழியாகத் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது அவற்றின் பாதுகாப்பு விதி. காக்கநாட்டுக்கு இரண்டு கிளைகளும் ஒரே கதவில் வருவதால், போடி சொன்னது புற்றடிக்குப் போகாது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு துணைக் கதவைத் திறந்து, தனித்தனி முகவரித் தொகுதி கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலும் தீரும். கையால் பொருத்தம் எழுதும் வேலையும் மிச்சமாகும். முகவரி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

2000க்குப் பிறகு எம்பிஎல்எஸ் என்ற முறை வந்து ஃபிரேம் ரிலேயின் இடத்தைப் பிடித்தது. வலையமைப்புப் பொறியாளர்களின் நுழைவுத் தேர்வான சிசிஎன்ஏ பாடத்திட்டம் 2016இல் அதைக் கைவிட்டது. ஆனால் ஃபிரேம் ரிலே எழுப்பிய முகவரிப் பொருத்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. இன்றைக்கு இணையத்தின் மேல் கிளைகளை இணைக்கும் டிஎம்விபிஎன் முறையிலும் கிளைகள் முதலில் மையத்தில் தங்கள் முகவரியைப் பதிவு செய்கின்றன. போடிக்குப் புற்றடி வேண்டுமானால் அதன் உண்மையான முகவரியை மையத்திடம் கேட்டு வாங்கி, இரண்டும் நேராகவே பேசிக்கொள்கின்றன. இதற்கான நெறிமுறை 1998இல் வெளியானது. அன்று பொறியாளர் கையால் எழுதிய வரியை இன்று மென்பொருள் கேட்டு எழுதிக்கொள்கிறது.

தானாக நடக்கும் வேலை நின்றுபோனால், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தவரால் மட்டுமே சரிசெய்ய முடியும். கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் காக்கநாட்டு நிறுவனங்களுக்கு வேலைக்குப் போக விரும்பும் மாணவர்கள் இந்தப் பழைய பாடத்தை ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பாக்கெட் டிரேசர் அல்லது ஜிஎன்எஸ்3 மென்பொருளில் மூன்று ரவுட்டரும் நடுவில் ஒரு ஃபிரேம் ரிலே ஸ்விட்சும் வைத்தால் போதும். முதலில் தானாக இணையவிட்டு, கிளைக்கும் கிளைக்கும் பேச்சு வராததைப் பாருங்கள். பிறகு இரு முனையிலும் வரிகளை எழுதுங்கள். எழுதியதைச் சேமித்துவிட்டு, எல்லா ரவுட்டர்களையும் ஒரு முறை அணைத்துப் போட்டு, மறுபடி பிங் கொடுத்துச் சோதியுங்கள்.