சொசைட்டியில் உடனே, கோர்ட்டில் எப்போது?

உசிலம்பட்டி வட்டாரத்துப் பால் சொசைட்டிகளில் பால்மானிதான் முதல் நீதிபதி. 'டிகிரி' குறைந்தால் விலை குறையும். ரொம்பக் குறைந்தால் பாலே திரும்பி வரும். 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை அரசு லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தொகை முழுசாகக் கைக்கு வருமா என்பதைக் கொழுப்பும் இதரச் சத்தும்தான் முடிவு செய்கின்றன. மாடு வளர்ப்பவர் விஷயத்தில் யாரும் தாமதிப்பதில்லை.

பால் சொசைட்டியைத் தாண்டிய பிறகு? 2014 ஆகஸ்டில், திண்டிவனம் அருகே ஆவின் டேங்கர் லாரியிலிருந்து பாலைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றிய கும்பல் போலீசிடம் சிக்கியது. சொசைட்டியில் தேறிய பாலில்தான் வழியில் தண்ணீர் புகுந்தது.

சொசைட்டியைத் தாண்டிய பாலுக்கும் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. பசும்பாலில் 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் இதரச் சத்தும் இருக்க வேண்டும். அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பங்காகும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் வியாபாரி மேல்முறையீடு செய்யலாம். தரம் குறைந்தது என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உடலுக்குக் கேடு என்றால்தான் குற்றவியல் வழக்கு, சிறை.

ஏட்டில் குறையில்லை, வேகத்தில்தான் குறை. உத்தரப் பிரதேசத்தில் 1995-ல் எடுத்த பால் மாதிரி ஒன்றில், அன்றைய விதிப்படி 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இதரச் சத்து 7.7 சதவீதமே இருந்தது. பழைய 1954-ம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் நடந்த அந்த வழக்கில், 'கொஞ்சம்தானே குறைவு' என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனையை உறுதிசெய்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது வந்தது 2019-ல். 24 வருஷம்!

தண்டனையைக் கூட்டு என்று கேட்பது சுலபம். மாட்டுவோம், சீக்கிரமே மாட்டுவோம் என்ற பயம்தான் கலப்படக்காரரின் கையைக் கட்டும். அதற்கு அடிக்கடி மாதிரி எடுக்க வேண்டும். யாருடைய பால் தேறவில்லை என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும்.

நமக்கும் பங்குண்டு. சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கிய பாலை யாரும் கட்டணம் கட்டிச் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பால்காரரை மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பாலைச் சோதனைக்குக் கொடுங்கள்.