தாரா இறைச்சிச் சலாது: ஒரு வேளைக்கு முழு உணவு

சலாது என்றதும், சோற்றுத் தட்டின் ஓரத்தே வைக்கப்படும் நாலு வெள்ளரித் துண்டுகளும் வெங்காய வளையங்களுமே நம்மவர் நினைவுக்கு வருவன. அது குளிர்ந்திருக்க வேண்டும், பசியாற்றுவதற்கு உரியதன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சூடான இறைச்சியையும் பச்சை இலையையும் கலந்து, அதனையே தலைமை உணவாகக் கொள்ளும் மக்களும் உலகில் உளர். வன்னிக் குடும்பங்களுக்கு அம்முறை பெரிதும் ஏற்றது என்பது நம் கருத்து.

தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதியினரும் அதனை அடுத்த லாவோஸ் நாட்டினரும் நம்மைப் போலவே நெல்வயலோடு வாழ்பவர்கள். தாரா இறைச்சியைக் கொத்தி வேகவைத்து, தேசிக்காய்ச் சாறு, சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், புதினா, வறுத்து இடித்த அரிசித்தூள் ஆகியவற்றைச் சேர்த்து இளஞ்சூட்டில் அவர்கள் உண்பர். 'லாப்' என்பது அதன் பெயர். பிரான்சின் தென்மேற்குப் பகுதியிலோ, தாராவின் கொழுப்பிலேயே பக்குவப்படுத்திய இரைப்பைத் துண்டுகளைச் சூட்டோடு கீரையின்மேல் இட்டு உண்பர்.

இவற்றுக்கு வேண்டிய பொருள்களில் நம்மிடம் இல்லாதது எது? இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் நீர் பாயும் வயலோரங்களில் தாரா தானே இரை தேடி வளரும். ஜப்பானிய விவசாயி தக்காவோ ஃபுரூனோ 1988ஆம் ஆண்டு முதல் நெல்வயலிலேயே தாராக்களை விட்டு வளர்த்துக் காட்டினார். அவை களை முளைகளையும் பூச்சிகளையும் தின்று, எச்சத்தால் வயலுக்கு உரமும் இடுகின்றன. கதிர் முற்றுமுன் அவற்றை வயலிலிருந்து அகற்றிவிட வேண்டும்; இல்லையேல் நெல்லையும் தின்றுவிடும்.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின், வெறும் முற்றத்திலிருந்து வாழ்வைத் தொடங்கிய குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ! அத்தகைய வீட்டில் ஒரு தாரா பெரும் பொருளாகும். கறியாக்கினால் ஆறு பேருக்கு எலும்போடு இவ்விரண்டு துண்டுகளே கிட்டும். சலாதாக்கினால் எலும்பில் ஒட்டிய தசையும் வீணாவதில்லை. கீரையோடு சேர்ந்து எல்லோர்க்கும் நிறைவாகும்.

நாம் சொல்வது வீட்டுத் தாராவையே. மாரியில் வடக்காசியாவிலிருந்து வரும் ஊசிவால் தாரா போன்ற விருந்தினரை அன்று. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாகிய சுண்டிக்குளமும், 1951இல் சரணாலயமாகிய கொக்கிளாய்க் களப்பும் அப்பறவைகளின் புகலிடங்கள். அங்கே வேட்டையாடுதல் சட்டப்படி குற்றம். விருந்தினரைக் கொல்லுதல் அறத்தின்படியும் குற்றமே.

இனிச் செய்முறைக்கு வருவோம். இறகு நீக்கிய, தோலுடன் கூடிய தாரா ஏறத்தாழ 1½ கிலோ எடுத்துக்கொள்க. வாலின் மேற்புறத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை முதலில் வெட்டி எறிக; தாராவின் வெடுக்குக்கு அதுவே பெருங் காரணம். நான்கு துண்டுகளாக்கி, இஞ்சி, மிளகு, மஞ்சள், உப்புச் சேர்த்து, மூழ்கும் அளவு நீரில் 1¼ மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுக. முற்றிய தாராவுக்கு 2 மணி நேரமும் வேண்டியிருக்கும். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். மறுவேளைக்கு அது நல்ல இரசமாகும்.

துண்டுகளின் ஈரத்தை ஒற்றியெடுத்து, சூடேறாத தாச்சியில் தோற்புறம் கீழாக அடுக்கி, இளந்தீயில் வையுங்கள். எண்ணெய் வேண்டாம். கொழுப்புத் தானே உருகித் தோல் பொன்னிறமாக மொறுமொறுக்கும். எடுத்துக் கை பொறுக்கும் சூட்டில் பிய்த்து, எலும்பை நீக்குக. தாச்சியில் எஞ்சிய கொழுப்பில் மூன்று மேசைக்கரண்டி மட்டும் நிறுத்தி, நறுக்கிய சின்ன வெங்காயம் பத்தினை ஒருமுறை வதக்குக. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே இரண்டு தேசிக்காய்ச் சாறும், உப்பும், பச்சை மிளகாயும் சேர்க்க வேண்டும். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து 'சி' நெடுஞ்சூட்டில் அழியக்கூடியது. கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுவதும் அதுவே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இரண்டு கட்டு வல்லாரையும் ஒரு பிடி புதினாவும் கொதித்தாறிய நீரிற் பலமுறை அலசி அரிந்திருக்கட்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் இலையை அரிதல் ஆகாது. வெள்ளரித் துண்டுகளும் சேர்த்து, இறைச்சியை இட்டு, இளஞ்சூடான கொழுப்பையும் சாற்றையும் மேலே ஊற்றி, விரலாற் பிசிறுக. இறுதியில், மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பொன்னிறமாக வறுத்து இடித்த தூள் இரண்டு மேசைக்கரண்டி தூவுக. அது சாற்றை ஈர்த்து மணமும் கூட்டும்.

எல்லோரும் அமர்ந்த பின்பே பிசிற வேண்டும். பிந்தினால் இலை துவளும், தோலும் நமுத்துப்போகும். தொட்டுக்கொள்ள அவித்த மரவள்ளிக் கிழங்கோ ஒரு துண்டுப் பாணோ போதும். விரத நாளல்லாத ஒரு ஞாயிறு நண்பகலில் செய்து பாருங்கள். முற்றத்துத் தாராவும் வேலியோரத்து வல்லாரையும் சேர்ந்து குடும்பம் முழுவதையும் பசியாற்றும்.