ஆங்கில ஆனர்ஸ் பட்டியலில் இளங்கோவடிகள்: அச்சுப் பிழை அல்ல

“மகள் டெல்லிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படிக்க ஆசைப்படுகிறாள். முதல் செமஸ்டர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வியாசர், காளிதாசர், இளங்கோவடிகள் என்று போகிறது. வேறு ஏதோ துறையின் பட்டியலைத் தவறிப் போட்டுவிட்டார்களா?” கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதிய கடிதம் இது. இதே சந்தேகத்தைக் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்டு இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன.

காரணம் தெரிந்ததுதான். டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்று விருப்ப வரிசை பதியும் கெடு இந்த வாரம் முடிகிறது. கெடு தாண்டினால் கடைசியாகச் சேமித்த வரிசை தானாகப் பூட்டிக்கொள்ளும். க்யூட் நுழைவுத் தேர்வு என்ன, மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும். அதை விட்டுவிட்டு, இந்தப் படிப்பின் முதல் ஆண்டில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் செமஸ்டரில் என்ன படிக்கிறார்கள்?

கரூர்த் தந்தைக்கு முதலில் பதில்: அச்சுப் பிழை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2015இல் வெளியிட்ட பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கில மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்கு இரண்டு மையத் தாள்கள். ஒன்று இந்தியச் செவ்வியல் இலக்கியம்: காளிதாசரின் சாகுந்தலம், மகாபாரதத்தில் சூதாட்டப் பகுதிகள், சூத்ரகரின் மிருச்சகடிகம், சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம். மற்றொன்று ஐரோப்பியச் செவ்வியல் இலக்கியம்: ஹோமரின் இலியட், சோபோக்ளீஸின் ஈடிபஸ் அரசன், பிளாட்டஸின் நகைச்சுவை நாடகம், ஓவிட், ஹோரஸ்.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சம்ஸ்கிருதம், பிராகிருதம், தமிழ், கிரேக்கம், இலத்தீன். ஆங்கில இலக்கியப் பட்டத்தின் முதல் அரையாண்டில், மையத் தாள்களில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கியம் ஒன்றுகூட இல்லை.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2022இல் தன் பட்டியலை மாற்றியமைத்தது. ‘இலக்கியக் கல்விக்கு அறிமுகம்’ என்று மூன்றாவது தாள் சேர்ந்தது. நூல்களும் பகுதிகளும் இடம் மாறின. ஆனாலும் இரண்டு செவ்வியல் தாள்களும் முதல் செமஸ்டரிலேயே நிற்கின்றன. பல பல்கலைக்கழகங்கள் யுஜிசி மாதிரியை ஒட்டியே பட்டியல் போட்டுக்கொண்டதால், கீழே சொல்வது அந்த 2015 மாதிரியை வைத்துத்தான். நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைத் தனியே சரிபாருங்கள்.

சரி, இதில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்தால் ‘விமர்சனச் சிந்தனை’, ‘பண்பாட்டு உணர்திறன்’, ‘வேலைக்குத் தகுதி’ என்று நிறைய இருக்கும். வகுப்பறைக்குள் அது சுருங்கி ஒரே ஒரு பழக்கமாகிவிடுகிறது: கண்முன் இருக்கும் பக்கத்திலிருந்து சான்று காட்டாமல் எதையும் சொல்லாதே. இந்த நூலாசிரியர் சோகமாக எழுதுகிறார் என்றால், எந்தச் சொல்லில், எந்த வாக்கிய அமைப்பில் அந்தச் சோகம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு. ‘விமர்சனச் சிந்தனை’ என்பதற்கு முதலாண்டில் பொருள் அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்வது விளம்பரம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, கருத்து எழுதி வாங்கினார். அந்த அனுபவம் 1929இல் நூலானது. பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொற்கள் மட்டும். அந்தச் சொற்களை நுணுகிப் படி என்பதே பாடம். கெட்டிக்காரத்தனமான முறை, சந்தேகமே இல்லை. ஆனால் ரிச்சர்ட்ஸின் மாணவர்கள் கையில் இருந்தது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட கவிதை. நம் முதலாண்டு மாணவர் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு.

அதனால் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மாதிரிப் பாடத்திட்டம் நூலின் பெயரோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் குறிப்பிடுகிறது. இலியட் என்றால் ஈ.வி. ரியூவின் பெங்குயின் பதிப்பு. ஹோமர் பாடியது செய்யுள். ரியூ தந்தது உரைநடை. இன்றைய வாசகன் தடங்கலின்றிப் படித்துப் போகட்டும் என்று வேண்டுமென்றே செய்த தேர்வு அது. இப்போது ஒரு மாணவி தேர்வுத் தாளில், “ஹோமரின் வாக்கியங்கள் நாவலைப் போல நேராக ஓடுகின்றன” என்று எழுதி, பக்கத்திலிருந்து சான்றும் காட்டுகிறாள். முறைப்படி அவள் செய்தது சரி. ஆனால் அவள் சான்று காட்டியது ரியூவின் வாக்கியத்துக்கு. ஈடிபஸுக்கு வந்தால் ராபர்ட் ஃபேகிள்ஸின் செய்யுள் நடை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், ஹோமர் உரைநடைக்காரர், சோபோக்ளீஸ் கவிஞர் என்று நினைத்துக்கொண்டால் குற்றம் அவர்மேல் இல்லை.

கிரேக்கம் நமக்குத் தெரியாது, சிலப்பதிகாரத்துக்கு வருவோம். பாடமாக இருப்பது ஆர். பார்த்தசாரதியின் மொழிபெயர்ப்பு. கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1993இல் வெளியிட்டது. சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்பு விருதும் பெற்றது. பார்த்தசாரதி தாமே ஆங்கிலக் கவிஞர். குறை அவரிடத்தில் இல்லை. அந்த நூலிலிருந்து மூன்றாவது காண்டத்தை மட்டும் கத்தரித்து வைத்ததில்தான் சிக்கல்.

முப்பது காதைகளில் வஞ்சிக் காண்டத்துக்கு உரியவை ஏழு. சிலம்பு உடைவது, பாண்டியன் வீழ்வது, மதுரை எரிவது எல்லாம் அதற்கு முந்தைய காண்டத்திலேயே முடிந்துவிட்டன. ஆக, டெல்லி விடுதியில் இதை முதன்முதலாகத் திறக்கும் பீகார் மாணவனுக்குக் கண்ணகி வழக்காடும் பெண் அல்ல. வேங்கை மரத்தடியில் குன்றவர் கண்ட ஓர் அதிசயம். கதையின் நடுநாயகம் சேரன் செங்குட்டுவன்: இமயத்தில் கல்லெடுத்து, கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவரும் வேந்தன். நீதி கேட்ட காப்பியம், படையெடுத்த காப்பியமாகிவிடுகிறது. ஏன் இந்தக் காண்டம் என்பதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு வரி விளக்கம் கிடையாது.

அடுத்தது, இந்தக் காண்டத்தின் காதைப் பெயர்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது தெரிந்த வரிசை. போரில் விழுந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் சடங்கின் படிகளாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்பவை. வீரனுக்குரிய அந்தச் சடங்கை அப்படியே எடுத்து, கணவனை இழந்த ஒரு வணிகர் குலப் பெண்ணுக்குச் செய்கிறார் இளங்கோ. காப்பியத்தின் துணிச்சல் முழுவதும் தலைப்பு வரிசையிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கவனமாக ஆங்கிலத் தலைப்பு வைத்தாலும், புறத்திணை தெரியாதவருக்கு அது கல் பயணம் போன குறிப்பாகவே படும்.

அப்படியானால் புறத்திணையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போயிற்று. அதைத்தான் காணோம். ஐரோப்பியத் தாளுக்குத் துணை வாசிப்பாக அரிஸ்டாட்டில், பிளேட்டோ, ஹோரஸ் இருக்கிறார்கள். கிரேக்க நாடகத்தைக் கிரேக்கத்தின் அளவுகோலால் பார்க்கலாம். இந்தியத் தாளுக்குப் பரதரின் நாட்டிய சாஸ்திரம் இருக்கிறது; அலங்காரமும் ரசமும் விவாதத் தலைப்புகளாக இருக்கின்றன. சாகுந்தலத்துக்கு அது பொருந்தும். சிலப்பதிகாரத்துக்கு? தொல்காப்பியம் இல்லை, திணை இல்லை, அகம் புறம் இல்லை. தமிழ்க் காப்பியத்தைப் பட்டியலில் சேர்த்தவர்கள், அதை அளக்கும் கோலை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

ஒரு சொல்லை மட்டும் பாருங்கள்: கற்பு. அகராதியைத் திறந்தால் ‘சேஸ்டிட்டி’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் விலகி இருப்பதைக் குறிக்கும் சொல். தமிழ் இலக்கணத்தில் கற்பு என்பது களவுக்கு அடுத்து வரும் மண வாழ்க்கை. சிலப்பதிகாரத்தில் ஊரை எரிக்கும் சக்தி. விலகி இருப்பதால் ஒரு நகரம் எப்படி எரியும் என்று வடநாட்டு மாணவர் குழம்பினால், அவர் நுணுகிப் படிக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குழப்பத்தை ஆசிரியர் பிடித்துக்கொண்டால் அது நல்ல வகுப்பு. “கண்ணகி கற்பின் சின்னம்” என்று நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போனால், முதல் செமஸ்டர் வீண்.

என் கருத்து இதுதான். முதலாண்டில் கற்க வேண்டிய முதல் கேள்வி “இதன் பொருள் என்ன” என்பதல்ல, “இது யாருடைய சொல்” என்பது. பாடத்திட்டம் அந்தக் கேள்வி தானாக எழும்படியான நூல்களை அடுக்கிவைத்துவிட்டு, கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறது.

‘ஆனர்ஸ்’ என்றால் உண்மையில் என்ன?

ஊருக்கு ஒரு கணக்கு. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகப்படி மூன்றாண்டு, 120 கிரெடிட் முடித்தால் பட்டம்; நான்காண்டு, 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். டெல்லியிலோ படிப்பின் பெயரிலேயே, சேரும் அன்றே, ஆனர்ஸ் ஒட்டியிருக்கிறது. ஒரே பாடத்தை மையமாக வைத்துப் படிப்பது என்பதே நடைமுறைப் பொருள். அதிலும் செமஸ்டருக்கு 22 கிரெடிட்டில் மையத் தாள்களுக்கு 12தான். மிச்சம் பொதுத் தெரிவு, மொழித்திறன், கைத்திறன், ‘மதிப்புக் கூட்டுப்’ பாடங்களுக்குப் போய்விடும். பாதிக்குச் சற்று மேல் ஆனர்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாமா, சுகிர்தராணி எழுத்துகளைப் படிப்பார்களா?

அவை முதலாண்டில் இருந்தவை அல்ல. ஐந்தாம் செமஸ்டரில் பெண்கள் எழுத்துத் தாளில் இருந்தன. பாமாவின் ‘சங்கதி’, சுகிர்தராணியின் கவிதைகள், கூடவே மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ ஆகியவற்றை 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் நீக்கியது. கல்விக்குழுவில் எதிர்ப்பு பதிவானது; முடிவு மாறவில்லை. எந்தத் தமிழ் ஆங்கிலமாகி வகுப்புக்குள் வரலாம் என்பதை மொழிபெயர்ப்பாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஷேக்ஸ்பியர் எப்போது வருவார்?

இரண்டாம் செமஸ்டரில்: மாக்பெத், ட்வெல்ஃப்த் நைட். கூடவே சாசர், மார்லோ, டன், இன்னொரு தாளில் ஆர்.கே. நாராயண்.

இலக்கணம் சொல்லித்தருவார்களா?

மாட்டார்கள்.

ஆங்கிலம் சரளமாகப் பேச வருமா?

வரும், வகுப்பைவிட விடுதி அதற்கு அதிகம் உதவும்.

கைடு வாங்கிப் படித்தே தேறிவிடலாமா?

தேறலாம். பலர் தேறுகிறார்கள்.

வேலை?

ஆசிரியப் பணி, பத்திரிகை, பதிப்பகம், சட்டம், குடிமைப் பணித் தேர்வு. எதற்கும் உத்தரவாதம் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தால் குறைவா?

இங்கே பகுதி ஒன்றாகத் தமிழ் உண்டு. மேலே சொன்னதையெல்லாம் படித்த பிறகு, அது குறைவா கூடுதலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேர்வதற்கு முன் எதைப் படித்துவைக்கலாம்?

வஞ்சிக் காண்டத்தை, தமிழில், உரையோடு. அடியார்க்கு நல்லார் உரை அந்தக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை, ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை முழு நூலுக்கும் இருக்கிறது. டெல்லிக்குப் போகும் பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.