பொள்ளாச்சி வீட்டுல ரெண்டு நாள்!

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன? பாதி பேர் பெட்டியைக் கட்டிட்டான். மீதி பேர் தூங்குறான். மெஸ்ஸில் அதே சாம்பார்! 'சென்னைக்குப் போய் வெயிலில் வேகறதுக்குப் பதிலா ரெண்டு நாள் எங்க தோட்டத்துக்கு வாடா'ன்னு என் ரூம்மேட் கூப்பிட்டான். ஹாஸ்டலில் அவன் பேரே 'பொள்ளாச்சி'தான். நிஜப் பேரு வாத்தியாருங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலையில உக்கடத்துல பஸ் ஏறினோம். பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலை பக்கம் இன்னொரு பஸ். கிணத்துக்கடவு தாண்டினதும் ஜன்னல் வழியா காத்து அடிக்குது பாருங்க... மே மாசம்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து அது. நம்ம மெக்கானிக்கல் பசங்க டிசைன் பண்ணாத ஏ.சி!

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. 'தோட்டம்'னு அவன் சொன்னப்போ நாலு ரோஜாத் தொட்டியைத்தான் நினைச்சேன். கொங்கு நாட்டுல தோட்டம்னா கிணறு, மாடு, தோப்பு, நடுவுல வீடு எல்லாம் சேர்த்துத்தான். வாசல்லயே அவனோட அப்பத்தா உட்கார்ந்திருந்தாங்க. "வாங்க கண்ணு... ஏனுங், இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" எழுபத்தெட்டு கிலோ இருக்கற என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அங்கே சின்னப் பையனுக்கும் 'ங்க'தான். எனக்குக் கூச்சமாவே இருந்துச்சு.

மதியம் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். சாப்பிட்டுட்டு கயித்துக் கட்டிலை மரத்தடியில இழுத்துப் போட்டுப் படுத்தா, செல்லில் டவர் இல்லை. முதல் அரை மணி நேரம் கை நடுங்குச்சு. அப்புறம் எங்க வெச்சேன்னே மறந்துட்டேன். சாயங்காலம் பம்ப்செட் தொட்டியில குதியாட்டம். தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா கோகோவும் ஜாதிக்காயும் நிக்குது. கோகோ பழத்தை உடைச்சா உள்ளே கொட்டையைச் சுத்தி வெள்ளையா சதை இருக்கு. சப்பிப் பாருங்க, சீத்தாப்பழம் மாதிரி புளிப்பும் இனிப்பும். சாக்லேட் வாசனை மருந்துக்கும் இல்லை! கொட்டையைப் புளிக்க வெச்சு, காய வெச்சு, வறுத்தாத்தான் அந்த வாசனை வருமாம்.

ஜாலி அது வரைக்கும்தான்.

திரும்பி வர்றப்போதான் கவனிச்சோம். பதினோரு மரத்துல சிவப்பு பெயின்ட்டில் பட்டையா கோடு. 'பொள்ளாச்சி' முகம் மாறிடுச்சு. "அது வெட்டற மரத்துக்குப் போடற கோடுடா"ன்னான். அந்த மரமெல்லாம் அவனோட அப்பாரு வெச்சது. அவரைப் பத்திப் பேச்சு வந்தாலே இவன் அந்த வரிசையைத்தான் காட்டுவான்.

ராத்திரி திண்ணையில அவங்க அப்பாகிட்டயே கேட்டுட்டான். அவர் டார்ச்சை எடுத்துக்கிட்டு எங்களைக் கூட்டிட்டுப் போய், மட்டையில வெளிச்சம் அடிச்சுக் காட்டினார். கீத்தெல்லாம் உள்பக்கமா வளைஞ்சு, விலா எலும்பு மாதிரி இருந்துச்சு. கேரளா வாடல் நோய். பக்கத்து மாநிலத்துல நூறு வருஷத்துக்கு மேலா இருக்கறது, கணவாய் தாண்டி இந்தப் பக்கமும் வந்துடுச்சு. ஃபைட்டோபிளாஸ்மான்னு ஒரு நுண்ணுயிர். பூச்சி வழியா மரத்துக்கு மரம் பரவும். மரம் உடனே சாகாது. வருஷக்கணக்கா நிக்கும், காய் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும். குணமாக்க மருந்து கிடையாது. வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தேறாத மரத்தை எடுத்துடறதுதான் மத்த மரத்துக்கு நல்லது.

2016-ல் பொள்ளாச்சியில வெள்ளை ஈ வந்தப்போகூட இப்படி இல்லையாம். அந்த ஈ மட்டையோட அடிப்பக்கம் சுருள் சுருளா முட்டை வைக்கும். சொட்டற பிசினில் கரும்பூசணம் படிஞ்சு தோப்பே கறுப்பாயிடும். ஆனா தண்ணியைப் பீச்சி அடிக்கலாம், மஞ்சள் ஒட்டுப் பொறி கட்டலாம், அந்த ஈயைத் தின்னற குட்டிக் குளவியே வந்து பார்த்துக்கும். "அதுல மரம் பொழைச்சுக்குச்சு. இதுல அப்படி இல்லீங்க தம்பி."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லலை?"ன்னு இவன் கேட்டான்.

"உனக்குப் பரீட்சை நடக்குதில்ல கண்ணு. வருமானம் குறையுதுன்னு தெரிஞ்சா ஃபீஸை நெனச்சு நீ படிக்க மாட்டே."

அவ்வளவுதான். என் ரூம்மேட் தலையைக் குனிஞ்சான். போன செமஸ்டர் ரிசல்ட்டில் 'எல்லாம் பாஸ்'னு வீட்டுல சொல்லியிருந்த புண்ணியவான் அவன். உண்மையில் மூணு அரியர்! இருட்டுல, பெயின்ட் அடிச்ச மரத்துக்குப் பக்கத்துல நின்னு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டான். எனக்குத் தொட்டியில போய் மறுபடி முங்கிடலாம் போல இருந்துச்சு.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. "மூணும் எந்தப் பேப்பர்?"னு மட்டும் கேட்டார். அவன் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, "அரியருன்னா என்னங்க சாமி?"ன்னாங்க. "பாளை விட்டுச்சும்மா, காய் புடிக்கலை"ன்னார் அப்பா. சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம நான் சொம்புத் தண்ணியைக் குடிச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கே எழுப்பிட்டார். கையில ஆளுக்கொரு கடப்பாரை! தோப்போரம் காலி இடத்துல புதுக் கன்னுக்குக் குழி. நீளம், அகலம், ஆழம் எல்லாம் மூணு அடி. குழிக்குக் குழி இருபத்தஞ்சு அடி. இருபத்தேழு கன அடி மண்ணுன்னு கணக்குப் போட எனக்கு ஒரு செகண்டு, தோண்ட மூணு மணி நேரம். நோயைத் தாங்கற 'கல்ப சங்கரா'ன்னு ஒரு வீரிய ஒட்டு இருக்கு. காசர்கோட்டுல இருக்கற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்தது. அந்தக் கன்னுக்குச் சொல்லி வெச்சிருக்கார். தென்மேற்குப் பருவமழை தொடங்கினதும் நடணும். அது வரைக்கும் குழி வெயில்ல ஆறணுமாம்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு குழிதான் முடிச்சோம். பக்கத்துல தோட்டத்து ஆள் ஒருத்தர் தனியா நாலு முடிச்சுட்டு பீடி பத்த வெச்சார். அப்பா எங்க குழியை எட்டிப் பார்த்துட்டு, "தம்பி சிவிலுங்களா?"ன்னார். "இல்லீங்கப்பா, இ.சி.இ." "அதானே!"

சாயங்கால பஸ்ஸில் எங்களோட இருபது தேங்காய் மூட்டையும் ஏறுச்சு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சார். மூட்டையில அப்பத்தா சுட்ட கச்சாயமும் இருந்தது, கிணத்துக்கடவு வர்றதுக்குள்ளயே காலி. கையில கொப்புளத்தோட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த 'பொள்ளாச்சி' திடீர்னு திரும்பி, "உன் எம்-3 நோட்டு எங்கடா?"ன்னான்.

அது மெஸ் பில் பாக்கிக்காக எதிர் ரூம்காரன்கிட்ட அடமானத்துல இருக்கு. மீட்டுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.