சுருள்முடியின் இயல்பும் அதனைப் பேணும் முறையும்

கூந்தலைக் குறிக்கப் பழந்தமிழில் ‘ஐம்பால்’ என்றொரு சொல் வழங்கியது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாகக் கூந்தலை ஒப்பனை செய்தமையால் அப்பெயர் ஏற்பட்டது என்று உரைகாரர் விளக்குவர். அவ்வைந்தனுள் சுருளுக்கும் ஓரிடம் இருந்தமை நோக்கத்தக்கது. இன்றோ, பிறவியிலேயே சுருண்ட முடியுடைய பிள்ளைகள் வகுப்பறையில் ‘பரட்டை’ என்று ஏளனம் செய்யப்படுகின்றனர். அச்சொல்லைக் கேட்டுத் தலைகவிழ்ந்த மாணவரையும் மாணவியரையும் என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். ஏளனத்திற்கு அஞ்சிச் சிலர் நாள்தோறும் சோப்பிட்டுத் தேய்க்கின்றனர். சிலர் உலர்ந்த முடியைச் சீப்பால் வலிந்து இழுக்கின்றனர். வேறு சிலர் சூடேறிய கருவியால் அதனை நீட்டிவிடுகின்றனர். இவையெல்லாம் வறட்சியைப் போக்காமல் மேலும் வளர்ப்பவை. நோயின் காரணம் அறிந்தபின் மருந்து தேடுவதே முறையாதலின், சுருள்முடி ஏன் வறள்கிறது என்பதை முதலில் ஆராய்வோம்.

மாணவ மாணவியரே, தலைத்தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்ற பொருள். அதில் நரம்பும் இல்லை; குருதியோட்டமும் இல்லை. வெட்டும்போது வலி தோன்றாமைக்கு இதுவே காரணம். காயமுற்ற தோல் தானே ஆறிவிடும். நுனி பிளந்த முடியோ தானே ஒன்றுசேராது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் மயிர்க்காலில் மட்டுமே உள்ளது. அங்கிருந்து முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே, கெட்ட முடியைச் சீராக்குதல் என்பது இரண்டு செயல்களே: இருப்பதை மேலும் சிதையாமல் காத்தல், புதிதாய் வருவதைத் தொடக்கம் முதலே நன்கு பேணுதல். 12 சென்டிமீட்டர் நல்ல முடி வேண்டுமாயின் ஓராண்டு பொறுத்திருத்தல் வேண்டும். பத்து நாளில் பயன் தரும் என்று விளம்பரம் கூறுமாயின், அதனை நம்ப வேண்டுவதில்லை.

இனி, முடியின் அமைப்பைக் காண்போம். ஒரு மயிரிழையை இரு விரல்களுக்கு இடையே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை வருடிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். நுனியிலிருந்து அடிநோக்கி வருடினால் சற்றே சொரசொரப்புத் தோன்றும். ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கப்பட்டிருப்பதுபோல், மெல்லிய செதில்கள் நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருத்தலே இதற்குக் காரணம். இச்செதில்களின் உள்ளே கெரட்டின் என்னும் புரதத்தாலான நார்கள் உள்ளன. ஓடு உடைந்த வீட்டினுள் மழையும் வெயிலும் புகுவதுபோல், செதில் கெட்ட முடியின் உள்ளே ஈரம் கட்டுப்பாடின்றிப் புகும். அவ்வாறே வெளியேறியும் விடும்.

நேர்முடி வளரும் மயிர்க்கால் பெரும்பாலும் நேராக இருக்கும். சுருள்முடி வளரும் மயிர்க்கால் வளைந்திருக்கும். இயற்கை முடிக்குப் பூசும் எண்ணெய் மயிர்க்காலை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. நேரான முடியில் அவ்வெண்ணெய் தடையின்றி நுனிவரை பரவும். சுருள்முடியிலோ ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடையாகிறது. எனவே, வேர்ப்பகுதி எண்ணெய்ப் பசையுடன் இருக்கையிலேயே நுனி வறண்டு கிடக்கும். மேலும், வளைவுகளில் செதில்கள் எளிதில் தேய்கின்றன. இழையும் அங்கே விரைவில் ஒடிகிறது. சுருள்முடியின் வறட்சி அதன் வடிவத்தால் விளைவது. அதனை உடையவரின் அழுக்காலோ சோம்பலாலோ விளைவதன்று.

ஈரத்துக்கும் முடிக்கும் உள்ள உறவை விளக்க அறிவியல் வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர், மனித முடியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்து, 1783இல் அதனை நூலில் விளக்கினார். காற்றில் ஈரம் மிகும்போது முடி நீளும், குறையும்போது சுருங்கும். முடி ஈரத்தை விரைந்து உணர்தற்பொருட்டு, அதனைச் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையை அவர் முதலில் நீக்கினார். நாள்தோறும் காரச் சோப்பிட்டுத் தலையைத் தேய்ப்பவர், தம்மை அறியாமலே ஏறத்தாழ அதே வேலையைச் செய்கின்றனர். மழைக்காலத்தில் அவர்தம் முடி உப்பி எழுவதில் வியப்பென்ன?

காரணம் விளங்கியது, இனிப் பேணும் முறைக்கு வருவோம். முதலாவது, பிளந்த நுனிகளை வெட்டிவிடுதல். பிளவை எந்த எண்ணெயும் ஒட்டாது. விட்டுவைத்தால் அது மேலேறும்.

இரண்டாவது, குளிக்கும் முறை. வறண்ட சுருள்முடிக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ தலை அலசுதல் பெரும்பாலும் போதும். அலசுவதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவும் நம் வீட்டு வழக்கத்துக்கு ஆய்வின் துணையும் உண்டு. ரேலே, மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று அவர்கள் கண்டனர். அது இழையின் உள்ளே ஊடுருவ வல்லது. எண்ணெய் தடவியபின் மென்மையான ஷாம்பூவையோ, நன்கு சலித்து ஊறவைத்த சீயக்காயையோ தலைத்தோலில் மட்டும் விரல்நுனியால் தேய்த்து அலசலாம். சோப்புக்கட்டியைத் தவிர்த்தல் நன்று. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் சோப்பு நுரைக்காது. சுண்ணச் சத்தோடு சேர்ந்து முடியில் பிசுக்காகப் படியும்.

மூன்றாவது, சிக்கெடுத்தல். உலர்ந்த சுருள்முடியை வாருதலே அது ஒடிவதற்குப் பெருங்காரணம். முடி ஈரமாக இருக்கும்போது, கண்டிஷனர் தடவி வழவழப்பாக்கிக்கொண்டு, விரல்களாலோ அகன்ற பற்களுள்ள சீப்பாலோ நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே செல்லுதல் வேண்டும். ஈரமுடி எளிதில் நீளுமாதலால், அதனை வலிந்து இழுத்தல் ஆகாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 இழைகள் வரை உதிர்தல் எவர்க்கும் இயல்பே. சுருள்முடியில் அவை கீழே விழாமல் சுருளுக்குள் தங்கிவிடும். ஒரு வாரம் கழித்து வாரும்போது ஒரு கைப்பிடி முடி வருவதைக் கண்டு அஞ்சவேண்டா.

நான்காவது, உலர்த்துதல். தலையைத் துவட்டும்போது துண்டால் அழுத்தித் தேய்க்காமல், பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பின்னர் நிழலில் தானே உலர விடுக. முடியின் நார்களை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் பிணைப்புகளுள் சில, நீர் பட்டால் விட்டுப் பின் உலர்கையில் மீண்டும் கூடுபவை. உலரும் வேளையில் கலைக்காமல் விட்டால், சுருள்கள் ஒழுங்காக அமைவதற்கு அதுவே காரணம். இரவில் தளர்வாகப் பின்னிக்கொண்டு படுத்தால் தலையணை உரசலும் குறையும்.

முடியை நிலையாக நேராக்கும் வேதிச்சிகிச்சைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறல் கடமை. அவற்றுட் பல, முடியின் உறுதிக்கு ஆதாரமான கந்தகப் பிணைப்புகளையே உடைப்பவை. வேறு சில, சூடுபடும்போது பார்மால்டிகைடு என்னும் வாயுவை வெளிவிடுபவை. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைக்க வல்லதென்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முடிவு செய்தது. இத்தனைக்குப் பிறகும் வேரிலிருந்து புதிதாக வருவது சுருள்முடியே! மயிர்க்காலின் வடிவத்தை அச்சிகிச்சைகள் மாற்றுவதில்லை.

இவ்வளவு பேணியும் முடி மிகுதியாக உதிர்ந்தாலும், திட்டுத்திட்டாக வழுக்கை தோன்றினாலும், திடீரென வறட்சியோடு சோர்வும் சேர்ந்தாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுச் சுரப்பியின் குறையும் முடியிலும் வெளிப்படும். பருப்பு, கீரை, முட்டை முதலிய நல்லுணவு மயிர்க்காலுக்குத் தேவை. அவ்வுயிர்ப்பகுதிக்கு உணவு குருதி வழியாகவே செல்லும்.

மேற்கூறியவற்றுக்குப் பெரும்பொருள் செலவாவதில்லை. பொறுமையே மிகுதியாகத் தேவை. மூன்று மாதம் கழித்து, வேரை அடுத்த சில விரற்கடை முடியை மட்டும் நோக்குங்கள். அதில் வேறுபாடு தெரியும். பரட்டை என்பது பேணாமையால் வருவது. சுருள் என்பது பிறப்பால் அமைவது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த மாணவர், பக்கத்து இருக்கைத் தோழனையோ தோழியையோ அச்சொல்லால் அழைக்கமாட்டார். அவ்வாறு அழைக்கப்பட்டவரும், தம் முடியில் இருப்பது குறையன்று, தனிப்பட்ட பராமரிப்பை வேண்டும் ஓர் இயல்பே என்று தெளிந்து, தலைநிமிர்ந்து வகுப்பில் அமர்வர்.