கொல்லைப்புறத்துப் படகு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கேப் கோரல் என்றொரு நகரம். அங்கே பல வீடுகளுக்குக் கொல்லைப்புறம் என்றால் கால்வாய்தான். 1957-இல் ரோசன் சகோதரர்கள் அந்த நிலத்தை வாங்கினார்கள். கால்வாய் வெட்டிய மண்ணையே கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்றார்கள். இன்று அந்தக் கால்வாய்களின் நீளம் சுமார் 640 கிலோமீட்டர். காரை முன்வாசலில் நிறுத்துகிறவர்கள் படகைப் பின்வாசலில் நிறுத்துகிறார்கள். அதுவும் தண்ணீரில் இல்லை, தண்ணீருக்கு மேலே அந்தரத்தில்!

கடலோடு சேரும் கால்வாயில் படகு சில வாரம் சும்மா கிடந்தாலே அடியில் பாசி படரும். ஓடுள்ள கொட்டலசுகள் அப்பிக்கொள்ளும். சுரண்டுவது பெரும்பாடு. விட்டுவிட்டால் வேகம் குறையும், பெட்ரோல் செலவு ஏறும். அதனால்தான் போட் லிப்ட். நான்கு கம்பம், மேலே மோட்டார், கம்பிவடத்தில் தொங்கும் தொட்டில், அவ்வளவுதான்.

லிப்ட் வாங்கப் போகிறவர் படகுக் கம்பெனியின் கையேட்டில் உள்ள எடையை நம்பி ஏமாறுவார். பெரும்பாலும் அது வெறும் படகின் எடை. 2,000 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 250 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு மாட்டினால் 500 கிலோ கூடும். 500 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 370 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, குடிநீர், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் ஏறினால் 3,000 கிலோ வந்துவிடும். அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, 3,600 கிலோ தாங்கும் லிப்டைக் கேட்பதே புத்திசாலித்தனம். அடுத்து வாங்கும் படகு இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பதையும் மனதில் வைக்கலாம். படகு ஆசை வந்தவர் சின்னதுக்கு இறங்கி வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

மழையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 800 கிலோ! ஆகவே படகைத் தூக்கியதும் அடித்தக்கையைப் பிடுங்கிவிட வேண்டும். மறுபடி இறக்கும்போது தக்கையை மாட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உப்புக்காற்றில் அலுமினியச் சட்டம் இரும்பைவிட நாள்படும், விலையும் கூடுதல். எந்தச் சட்டமானாலும் கம்பிவடம் தேயும், சில ஆண்டுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். ஓதம் வற்றிய நேரத்தில் கால்வாயின் ஆழத்தை அளந்து பார்ப்பதும் முக்கியம். தொட்டில் படகுக்கும் கீழே இறங்கினால்தான் படகு விடுபட்டு மிதக்கும்.

புயலுக்கு மட்டும் எந்த லிப்டும் ஈடில்லை. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி இந்தப் பக்கம்தான் கரையேறியது. பக்கத்துப் போர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் 3 மீட்டருக்கு மேல் எழும்பி ஊருக்குள் வந்தது. அப்படி நீர் ஏறும்போது படகு தொட்டிலிலிருந்து தானாக மிதந்து, போன இடத்தில் மோதும். விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கை வந்ததுமே படகை இறக்கி, டிரெய்லரில் ஏற்றி உள்நாட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள். பின்வாசலில் லிப்ட் வெறுந்தொட்டிலோடு நிற்கும்.