மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்து மூன்று, நான்கு நாளில் எங்கள் வார்டு நிரம்பிவிடும். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி. போன வருடம் வந்த ஒருவர் படுக்கை விரிப்பில் இல்லாத எறும்பைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். "சாமி வந்திருக்குன்னு நினைச்சோம் டாக்டர்" என்றார் அவர் அம்மா. விடிய விடியச் சூடம் காட்டியிருக்கிறார்கள். வந்தது சாமியல்ல. பல வருடம் தினமும் குடித்துவிட்டு, மாலை போட்ட அன்று ஒரேயடியாக நிறுத்தியதன் விளைவு.

வைராக்கியமும் வலிப்பும்

மனசு வைத்தால் நிறுத்திவிடலாம் என்பார்கள். கொஞ்சமாகக் குடிப்பவருக்குச் சரி. காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறவருக்கு அது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 3, 4ஆம் நாளில் பிதற்றல், காய்ச்சல், கண்ணெதிரே பூச்சியும் பாம்பும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

"குழம்புல கலந்துட்டேன்"

குழம்பில் மாத்திரை கலந்ததைச் சொல்லும்போது மனைவிமார் குரல் தாழ்ந்துவிடும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ரகசியமாகக் கலந்து கொடுங்கள் என்று மாத்திரையை விற்கிறவர்கள் மேல்தான் கோபம். டைசல்ஃபிரம் என்ற அந்த மாத்திரை, சாராயம் உடம்பில் முழுசாக உடைவதைத் தடுக்கும். தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே நின்றுவிடும். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் தரவேண்டிய மருந்து அது.

தூக்க மாத்திரை இன்னொரு கூத்து. மெடிக்கலில் கேட்டு வாங்கி, குவாட்டரோடு சேர்த்துப் போட்டு, மூச்சு அடங்கி வருகிறார்கள். வைட்டமின் பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் மூளை பாதிக்கப்பட்டு நடையும் ஞாபகமும் போகலாம். கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்துவான் என்பதைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்தப் பெண்களைத்தான் வராந்தாவில் தினமும் பார்க்கிறேனே.

பத்து நாளில் முடியாது

ரத்தம், ஈரல், சர்க்கரைப் பரிசோதனைகளை முதல் நாளே எடுத்துவிடுவோம். நடுக்கம் அடங்க ஒரு வாரம், பத்து நாள். அதோடு குணமாகிவிட்டதாக நினைத்துக் கூட்டிப்போனால், அடுத்த சம்பள நாளில் மறுபடி ஆரம்பிக்கும். கவுன்சலிங், ஆசையைக் குறைக்கும் மருந்து, குடும்பத்தாரோடு பேச்சு, கட்டணமில்லாத ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எல்லாம் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் ஒளியாமல் வாருங்கள், திட்ட மாட்டோம். மறுவாழ்வு மையம் தேடுகிறவர்கள், 2017 மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். அடித்துத் திருத்துகிற இடம் சிகிச்சை மையமல்ல.

மாலைக்கு முன்னால் வாருங்கள்

கெஞ்சித்தான் கேட்கிறேன். ஐப்பசியிலேயே வந்துவிடுங்கள். மருந்தோடு நிறுத்திவிட்டு, தெம்பாகப் போய் மாலை போடுங்கள். வரத் தயக்கமாக இருந்தால் 14446க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. அம்மாவோ மனைவியோகூடப் பேசலாம்.

அந்த எறும்பு பொறுக்கியவர் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை போட்டுக்கிட்டே மலை ஏறலாமா டாக்டர்?"

ஏறலாம் என்றேன். பையில் மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் அவர் அம்மாவைப் பார்க்கச் சொன்னேன்.